பழ உணவுக்கு மாறும் வீடு: சோற்றை எடுப்பதா, பணிஸை எடுப்பதா?

வைகாசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் திருநெல்வேலிச் சந்தைக்கு வரத் தொடங்கியதும் யாழ்ப்பாண வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, வெளிநாட்டுச் சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்ட வீடியோவின் குரல்: "சமைச்சதை விடுங்கோ, பழம் மட்டும் சாப்பிடுங்கோ, சலரோகம் தானாப் போயிடும்." மற்றது கிளினிக்கால் வந்த அம்மம்மாவின் குரல்: "எனக்கு மாம்பழத்தைக் கண்ணிலயும் காட்டாதேங்கோ, சீனி ஏறிடும்."

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர் வீட்டில் சமைக்கிறவர். வீட்டுச் சாப்பாட்டை எளிமையாக்கி, பழத்துக்கும் முழு உணவுக்கும் முதலிடம் கொடுக்க விரும்பும் குடும்பம், பழத்தை எவ்வளவு சாப்பிடுவது என்பதற்கு முன் வேறொன்றை முடிவுசெய்ய வேண்டும். எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழத்தை வைக்கப்போகிறோம்? நன்மையும் தீமையும் பெரும்பாலும் இங்கேதான் பிரிகின்றன.

முதலில் சொற்கள்

மூன்று வேறு வேறு விடயங்கள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன.

1. முழு உணவு: விளைந்த வடிவத்துக்குக் கிட்ட நிற்கும் உணவு. குத்தரிசி, பயறு, கௌபி, குரக்கன், தேங்காய், கீரை, பழம், மீன், முட்டை எல்லாம் இதில் அடங்கும். சமைப்பதால் முழு உணவு என்ற தகுதி போய்விடாது.

2. பழம் முதன்மையான உணவு: நாளின் ஒன்றிரண்டு வேளைகளில் பழமே பெரும்பங்கு; மற்ற வேளைகளில் தானியம், பருப்பு, மரக்கறி, விரும்பினால் மீன், முட்டை, தயிர்.

3. பழம் மட்டும்: மற்ற எல்லாவற்றையும் விலக்கியது.

இரண்டாவதை ஒரு குடும்பம் நிதானமாகச் செய்யலாம். மூன்றாவதை ஏன் செய்யக்கூடாது என்பதற்குக் கணக்கு கீழே வருகிறது.

உணவுகளைத் தரம் பிரிக்க இப்போது அதிகம் பயன்படுவது 'நோவா' என்ற முறை. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009 முதல் வளர்த்தெடுத்தது. அதில் நான்கு படிகள்: பதப்படுத்தாதவை, சமையலுக்காகப் பிரித்தெடுத்தவை, பதப்படுத்தியவை, மிகையாகப் பதப்படுத்தியவை. எங்கள் குசினியை இதற்குள் போட்டுப் பார்த்தால் குத்தரிசியும் பயறும் முருங்கையிலையும் முதற்படியில் நிற்கும். சீனியும் தேங்காய் எண்ணெயும் இரண்டாவது. பக்கற் பிஸ்கற், சோடா, உடனடி நூடில்ஸ் நான்காவது. புட்டுத்தான் சங்கடம். சிவப்பு அரிசிமாப் புட்டு முதற்படிக்குக் கிட்ட வரும். ஆனால் பல வீடுகளில் அரிசி மாவோடு அவிச்ச கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி கலந்துதான் குழைக்கிறார்கள். பெயர் பாரம்பரியம், உள்ளே பாதி வெள்ளை மா.

இந்தத் தரம்பிரிப்பு வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல என்பதைக் காட்டிய பரிசோதனை 2019இல் வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறப்பட்ட சீனி, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் ஒரேயளவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக ஏறக்குறைய 500 கிலோ கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். உடல் எடையும் ஏறியது.

பழத்துச் சீனியும் போத்தல் சீனியும்

உலக சுகாதார நிறுவனம் 'கட்டற்ற சீனி' என்று ஒன்றைத் தனியாகப் பிரிக்கிறது. நாங்கள் உணவில் சேர்க்கும் சீனியும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சீனியும் இதில் அடங்கும். முழுப் பழத்தின் உள்ளே இருக்கும் சீனி அடங்காது. ஒரு நாளைய சக்தியில் கட்டற்ற சீனி 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்பது அதன் வழிகாட்டல். 2000 கிலோ கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 வீதம் என்றால் 25 கிராம்.

பழத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? பழத்தின் சீனி, நார்ப்பொருளும் தண்ணீரும் நிறைந்த கலங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மென்று விழுங்கி அது குருதிக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும், அதற்குள் வயிறு நிறைந்துவிடும். நான்கு தோடம்பழத்தை ஒரு மூச்சில் தின்ன முடியாது. நான்கு தோடம்பழத்தின் சாற்றை ஒரு மூச்சில் குடிக்கலாம்.

2013இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, அமெரிக்காவில் ஏறக்குறைய 187,000 சுகாதாரப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முழுப் பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு (சலரோகம்) வரும் வாய்ப்புக் குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. முந்திரிகையும் (திராட்சை) அப்பிளும் நன்மை கூடிய பழங்களின் வரிசையில் வந்தன. இவ்வகை ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிறுவிவிடாது. ஆனாலும் திசை தெளிவு.

ஒரு இடைச்செருகல், சிலருக்குப் பிடிக்காது: பனங்கட்டியும் கட்டற்ற சீனிதான். சீனியைவிடக் கொஞ்சம் கனியுப்புக் கூட உண்டு, சுவை பல மடங்கு கூட. ஆனால் "பனங்கட்டிதானே" என்று அம்மப்பாவின் தேத்தண்ணிக்கு இரண்டு துண்டு கடிக்கக் கொடுத்தால் குருதிக்கு அது சீனிதான்.

இனி அம்மம்மாவின் மாம்பழம். 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறக்குறைய 15 கிராம் மாப்பொருள் இருக்கிறது. அதே 15 கிராம் மாப்பொருள் ஏறக்குறைய 55 கிராம் சோற்றிலும் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு கைப்பிடி. வழமையான சோற்றுக் கோப்பையை முடித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு முழு மாம்பழம் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். பழி மாம்பழத்தில் விழும். இரண்டு கைப்பிடி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் இரண்டு துண்டு மாம்பழம் வைத்தால் கணக்கு ஏறக்குறைய சமன். கிளினிக்கில் "பழத்தைக் குறையுங்கோ" என்று சொல்லப்படும்போது பெரும்பாலும் சொல்ல வருவது, மேலதிகமாகச் சாப்பிடாதேங்கோ என்பதுதான். மாற்றிச் சாப்பிடலாமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம்.

பழம் மட்டும் என்றால் கணக்கு எப்படி?

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாள் முழுவதும் மாம்பழத்தில் மட்டும் வாழ்கிறார் என்று வைப்போம்.

1. 100 கிராம் சதையில் 60 கிலோ கலோரி. 2000 கிலோ கலோரிக்கு 3.3 கிலோ சதை வேண்டும். தோலும் கொட்டையும் இதில் சேராது.

2. அந்த 3.3 கிலோவில் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 27 கிராம். அவருக்குத் தேவையானது, கிலோவுக்கு 0.8 கிராம் வீதம், 48 கிராம். வயிறு வெடிக்கச் சாப்பிட்டும் பாதிக்குச் சற்று மேல்தான்.

3. கல்சியம் 360 மில்லிகிராம் அளவில் நிற்கும். வளர்ந்தவருக்கு வேண்டியது 1000க்குக் கிட்ட.

4. விற்றமின் பி12 பூச்சியம்.

வாழைப்பழத்துக்கு மாறினாலும் நான்காவது வரி மாறாது. பி12 எந்தப் பழத்திலும் இல்லை, மரக்கறியிலும் இல்லை. ஈரலில் சில ஆண்டுகளுக்குச் சேமிப்பு இருப்பதால் பழ உணவுக்காரர் முதல் வருடம் உற்சாகமாகத்தான் இருப்பார். வீடியோக்களும் அந்த வருடத்தில்தான் எடுக்கப்படுகின்றன. பின்னர் கை கால் விறைப்பு, தள்ளாட்டம், குருதிச்சோகை வரலாம்; நரம்புப் பாதிப்பு நீண்டால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் பாலும் தயிரும் மோரும் இந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்துவந்தன. சைவமாக இருந்துகொண்டு பாலையும் நிறுத்துகிறவர் பி12 மாத்திரை எடுத்தே ஆகவேண்டும்.

பழ உணவின் ஆதரவாளர்கள் ஒரு வரலாற்றை எடுத்துக்காட்டுவதுண்டு. 1939இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற வைத்தியர், கடும் உயர் குருதி அமுக்கமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குச் சோறு, பழம், பழச்சாறு, சீனி ஆகியவை மட்டுமான உணவைக் கொடுக்கத் தொடங்கினார். நல்ல மருந்துகள் இல்லாத அந்தக் காலத்தில் பலருக்கு அமுக்கம் இறங்கியது. உண்மைதான். ஆனால் முழுக் கதை வேறு: உப்பு அறவே இல்லை, விற்றமின்கள் தனியாகக் கொடுக்கப்பட்டன, நோயாளிகள் வைத்தியசாலையின் நெருங்கிய கண்காணிப்பில் இருந்தார்கள், நிலைமை தேறியதும் மற்ற உணவுகள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. அது ஒரு சிகிச்சை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அந்தக் கோப்பையில் பழத்துக்குப் பக்கத்தில் இருந்தது சோறு.

எதை, எந்த வரிசையில் எடுப்பது

ஒரே நாளில் குசினியைக் கவிழ்த்தால் மூன்றாம் நாள் பிள்ளைகள் கடைக்குப் போவார்கள். எதிர்ப்புக் குறைந்த இடத்தில் தொடங்குவதே புத்தி.

1. தேத்தண்ணிச் சீனி. ஒருவர் நாளுக்கு மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 24 கிராம். 5 வீத எல்லை கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிட்டது. ஐந்து பேர் கொண்ட வீட்டில் மாதம் 3.6 கிலோ சீனி இந்த வழியால் மட்டும் போகிறது. வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்குப் பழகிவிடும்.

2. பின்னேரம். இந்த மாற்றம் வெல்வதும் தோற்பதும் இங்கேதான். நாலு மணி தாண்ட, பாட்டைப் போட்டுக்கொண்டு பேக்கரி ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும். கண்ணாடிக்குப் பின்னால் பணிஸ், றோல்ஸ், கேக். ரியூசன் முடிந்து பசியோடு வரும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் கோட்பாடு பேசிப் பயனில்லை. ஓட்டோ வருவதற்கு முன்னரே பப்பாசி வெட்டப்பட்டு மேசையில் இருக்க வேண்டும். முழுப் பப்பாசியாக அலுமாரி மேல் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். தோல் சீவி, விதை எடுத்து, துண்டு போட்டு, தேசிக்காய்ப்புளி கொஞ்சம் விட்டு வைத்தால் முடிந்துவிடும். பக்கத்தில் ஒரு சுண்டு அவிச்ச கடலையோ கச்சானோ இருந்தால் இரவுவரை தாங்கும்.

3. காலை. பாணும் சம்பலும் இருந்த இடத்தில் பழமும் ஒரு புரத உணவும். இரண்டு கதலி வாழைப்பழம், தேங்காய்ப்பூப் போட்ட அவிச்ச பயறு. அல்லது பழமும் முட்டையும். வெறும் பழத்தோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பசி வரும். உலர்ந்த நிலையில் 50 கிராம் பயறு 12 கிராம் புரதம் தருகிறது. அதற்குச் சமமாக வாழைப்பழம் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும்.

4. மத்தியானச் சோறு. இதில் கை வைக்காமலே விடலாம். வெள்ளை அரிசி சிவப்புக் குத்தரிசியாகட்டும், பருப்பும் கீரையும் கூடட்டும், அவ்வளவே. கீரையைச் சட்டியால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி விடுவது எங்கள் பழைய பழக்கம். அதில் இரண்டு பயன். விற்றமின் சி வெப்பத்தில் அழியாமல் தப்பும், அது கீரையின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த நன்மை குறைந்துவிடும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம்.

5. இரவுப் புட்டும் இடியப்பமும் கடைசியில். கோதுமை மாவின் பங்கை மெல்லக் குறைத்துக் குரக்கனோ சிவப்பரிசியோ கூட்டலாம். இதை இரண்டாம் மாதத்துக்கு ஒத்திவைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

யாருக்கு விதி வேறு

சிறுபிள்ளைகளின் வயிறு சிறிது, தேவை பெரிது. பழத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் வயிறு நிறைந்தாலும் சக்தி போதாது. ஐந்து வயதுக்குக் கீழே பழம் கட்டாயம் வேண்டும், ஆனால் தேங்காய்ப்பால், முட்டை, மீன், பருப்பு, எள்ளுருண்டை போன்ற செறிந்த உணவுகளின் இடத்தை அது பிடிக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதே எச்சரிக்கை.

நீரிழிவுக்கு இன்சுலினோ சீனியை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர், சோற்றையும் மாவையும் சட்டெனக் குறைத்தால் சீனி ஆபத்தாக இறங்கக்கூடும். மருந்தின் அளவைப் பற்றி வைத்தியருடன் பேசிவிட்டே தொடங்க வேண்டும். மெற்போமின் என்ற நீரிழிவு மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்க வாய்ப்புண்டு. மீன், முட்டை, தயிரையும் விட்டுவிட்டால் இரண்டு பக்கத்தாலும் அடி.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பழ உணவு நேரடியாகவே ஆபத்தாகலாம். வாழைப்பழம், தோடம்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொற்றாசியம் அதிகம். பழுதடைந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இதயத்துடிப்பு குழம்பும். காமரங்காய் அவர்களுக்கு அறவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் மூளையைத் தாக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்கூட வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறோ விளிம்பிக்காய்ச் சாறோ குவளை குவளையாகக் குடிக்கக்கூடாது. அவற்றில் உள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தில் படிந்து அதைத் திடீரெனச் செயலிழக்க வைக்கலாம். "இயற்கை மருந்து" என்ற பெயரில் பரவும் குறிப்புகளில் மிகவும் பயப்பட வேண்டியது இதுதான்.

சந்தையும் பருவமும்

பழ உணவு என்றதும் அப்பிள், கிவி, புளூபெரி என்று பட்டியல் போடுவது வெளிநாட்டு வீடியோவின் பழக்கம். வளவுக் கொய்யா ஒன்று விற்றமின் சியில் தோடம்பழத்தைப் பல மடங்கு முந்தும்: 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல். நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலை வருடம் முழுவதும் வருகிறது. வைகாசி முதல் ஆடி வரை கறுத்தக்கொழும்பானும் வெள்ளைக்கொழும்பானும், தென்மராட்சிப் பலாப்பழமும். வெயில் காலத்தில் வத்தகப்பழம். சோளகக் காற்று ஓயும் ஆவணி, புரட்டாதியில் பனம்பழம். மாதுளை, அன்னமுன்னா, விளாம்பழம், நாவல்பழம் இடையிடையே. முந்திரிகைத் தோட்டங்களில் மருந்தடி அதிகம் என்பதால் அதைக் குறிப்பாக ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பழுக்கவைக்கும் விதமும் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. குழி வெட்டி, வாழைக்குலையை இறக்கி, சருகும் மண்ணும் போட்டு மூடி, ஒரு துவாரத்தால் புகை ஊதுவது பழைய முறை. புகையில் எதிலீன் வாயு உண்டு. பழம் தானாகப் பழுக்கும்போது வெளிவிடுவதும் அதே வாயுதான். கல்சியம் காபைட் கல் வைத்துப் பழுக்கவைப்பது வேறு கதை. அது அசற்றிலீனை வெளியிட்டுத் தோலின் நிறத்தை வேகமாக மாற்றும், உள்ளே புளிப்பும் மாவும் அப்படியே கிடக்கும். தொழிற்சாலைக் காபைட்டில் ஆசனிக் கலப்பும் இருக்கலாம். நிறத்தை நம்பாமல் காம்படியை முகர்ந்து பார்ப்பது நல்லது. வாசம் இல்லாத மஞ்சள் மாம்பழத்தை விட்டுவிடலாம்.

செலவைப் பற்றிய பயம் நியாயமானது. கணக்குப் பார்க்கும்போது பழத்தின் விலையை மட்டும் எழுதினால் மிரட்டும். குறைந்த சீனி, பாண், பிஸ்கற், சோடா, பேக்கரி ஓட்டோவுக்குக் கொடுத்த காசு ஆகியவற்றை மற்றப் பக்கத்தில் எழுத வேண்டும். அந்தத் தொகைக்குள் எத்தனை கிலோ கதலியும் பப்பாசியும் வருகிறதோ, அந்த மாதத்தின் பழம் அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம், பழமும் மரக்கறியும் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம். பெரும்பாலான வீடுகளுக்கு அது எட்டாத தொகை அல்ல.

பெரிய சோதனை ஐப்பசியில் வரும். மாரி தொடங்கியதும் சந்தையில் பழம் குறையும், வாழை காற்றுக்கு முறியும், விலை ஏறும். பேக்கரி ஓட்டோ மழையிலும் வரும். ஆடியில் தொடங்கிய பல வீடுகள் கார்த்திகையில் பழைய இடத்துக்குத் திரும்புவது இதனால்தான். அந்த மூன்று மாதங்களுக்கென்று ஆவணியிலேயே பனம்பழக் களியைப் பினாட்டாகக் காயவைத்து ஓலைப்பெட்டியில் கட்டலாம். கிணற்றடியில் இரண்டு பப்பாசிக் கன்று வைத்தால் அடுத்த மாரிக்குக் காய்க்கும். மழைநாட் பின்னேரங்களில் பழம் இல்லாவிட்டால் அவிச்ச மரவள்ளியும் சம்பலும், அல்லது ஒடியல் கூழ். இரண்டுமே பணிஸ் இருந்த இடத்துக்குப் போதும்.